நான்கடிக் கூடு

டயரி எழுதுகிறவன் தன் மானத்தைத் தானே எழுதிக் கெடுத்துக்கொள்வான். என் வாழ்க்கையின் மிகக் கேவலமான காலைப்பொழுதுக்கு, நிமிட வாரியான சாட்சியம் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். மனைவி ஹேவாஹெட்டவில் தோட்டப் பாடசாலை ஆசிரியை. மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு இரண்டு. இருவரும் அவளோடும் அவள் பெற்றோரோடும் அங்கே. எனக்குக் கிடைத்தவை சனி, ஞாயிறுகள் மட்டும். ஞாயிறு மாலை நான் பஸ் ஏறும்போதெல்லாம் மகன் என் குடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். (இரண்டு தடவை குடையைக் கொடுத்துவிட்டு நனைந்தே வந்தேன்.)

அவளுக்குக் கண்டிக்கு இடமாற்றம் கிடைக்க இருந்தது. திங்கட்கிழமைக்குள் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் தயங்கியதற்குக் காரணம் நான் வாடகைக்கு இருந்த வீடு. விறாந்தையிலிருந்து தெருவுக்குச் செங்குத்தாக இருபத்திரண்டு படிகள். பின்னால் காடு, காடு நிறையக் குரங்குகள். "புள்ளைக வெளையாட ஒரு எடம் பத்திரமா இருக்கான்னு மொதல்ல பாக்கணுங்க" என்றாள். சனிக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

நான் நூலகத்தில் குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் மூன்றை வாசித்துக் குறிப்பெடுத்தேன். விறாந்தை மூலையில் நான்கடி உயரத்துக்கு மரச்சட்டம் அடித்து, சுற்றிலும் கம்பிவலை இழுத்தேன். குரங்கு குதித்துவிடும் என்று மேலேயும் வலை. ஆணிகளை இரட்டை இரட்டையாக அடித்தேன். பிள்ளைகள் திறந்துவிடக் கூடாதென்று கதவின் கொக்கியை வெளிப்பக்கம் வைத்தேன். என் புத்திசாலித்தனத்தின் உச்சம் அந்தக் கொக்கிதான்.

குழந்தையின் கண்மட்டத்திலிருந்து பார்த்தால்தான் ஆபத்துகள் தெரியும் என்று ஒரு புத்தகம் சொன்னது. சனிக்கிழமை காலை, டயரியும் பென்சிலுமாகத் தவழ்ந்து உள்ளே போனேன். காற்றில் கதவு மூடியது. அதன்பின் டயரியில் உள்ளபடி:

9.40: கொக்கி வளையத்தில் விழுந்து மாட்டிக்கொண்டது. சுத்தியல் வெளியே.

9.50: வலையை உதைத்தேன். உறுதியாக இருக்கிறது.

9.55: குரங்குகள் ஐந்து. ஒன்று குட்டியோடு.

10.05: சமையலறை ஜன்னல் திறந்திருக்கிறது. (திறந்து வைத்தது நான்தான்.)

10.20: பால்மா டின். மூடியைத் திறக்கத் தெரிகிறது.

10.30: மகளுக்கு வாங்கிய துணிக் கரடி போயிற்று.

அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டிருக்கலாம். வந்து பார்த்துச் சிரிப்பார்களே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். குட்டியோடு இருந்த குரங்கு மட்டும் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, என்னையே பார்த்தது. குட்டி அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாய்க் குரங்கின்மேல் எனக்குப் பொறாமை வந்ததையும் நேரத்தோடு குறித்திருக்கிறேன்.

பதினொரு மணிக்குப் பிறகு படிகளில் பேச்சுச் சத்தம். மகள்தான் முதலில் ஏறி வந்தாள்.

"அம்மா, அப்பா ஏன் கூட்டுக்குள்ள இருக்காரு?"

மனைவி மூச்சு வாங்க வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். வாசல் நிறையச் சிந்திக் கிடந்த பால்மாவைப் பார்த்தாள்.

"அப்பா பத்திரமா இருக்காருடி."

மகன் நேராக என்னிடம் வந்தான். பாதி தின்ற பிஸ்கட்டை வலைக்குள் நீட்டினான். நான் வாயால் வாங்கிக்கொண்டேன். அவன் சிரித்த சிரிப்பை எழுத மட்டும் எனக்கு அன்று பென்சில் ஓடவில்லை.

சமையலறையைக் கூட்டி அள்ள மாலையாகிவிட்டது. ஞாயிறன்று புறப்படும்போது அவள் சொன்னாள்: "கூட்டுல ஒரு கொறையும் இல்லங்க. வீடுதான் இன்னும் கொரங்குக கையில இருக்கு." திங்கட்கிழமை, மாற்றம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த மாற்றம் வர இரண்டு வருடங்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது மகளுக்கு ஆறு வயது. கூட்டுக்குள் போனவள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, விளையாட இடம் போதாது என்றாள். மகன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அதில் மனைவி பூச்சட்டிகள் வைத்தாள்.

இப்போது பிள்ளைகள் இருவரும் கனடாவில். குடும்பம் கூடினால் அந்த டயரிப் பக்கத்தை மகள்தான் ராகம் போட்டு வாசிப்பாள். போன வாரம் தொலைபேசித் திரையில் பேரன் வந்தான். நான்கு வயது. கதையைக் கேட்டிருக்கிறான். சதுரத்துக்குள் தெரியும் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"தாத்தா, ஒங்கள இன்னும் தொறந்து விடலயா?"

"இல்லய்யா. கொக்கி வெளிப்பக்கம் இருக்கு. நீ வந்துதான் தொறக்கணும்."