எண்ணாத நாளை எடுத்துவிடுங்கள்

கீழப்பழுவூர்,
1981, ஆனி மாதம்.

சென்னையில் இருக்கும் மச்சான் சிரஞ்சீவி வேணுகோபால் அவர்களுக்கு, உங்கள் அக்காள் ஜெயலட்சுமியின் கணவன் சிவசுப்பிரமணியன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் சௌக்கியம், அங்கே உங்கள் சௌக்கியத்தை அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. முறையை விடக் கூடாது என்பதற்காக நானும் எழுதிவிட்டேன். ஆனால் சௌக்கியம் இல்லை. ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் நீங்கள்.

நீங்கள் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறீர்கள் என்று தெரிந்தபோது இந்த ஊரில் முதலில் பெருமைப்பட்டவன் நான்தான். உரக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மூட்டையை எடுத்துப் போடுவதற்கு முன்னால் பத்திரிகையை எடுத்துக் காட்டினேன். ராஜா, ராணி, குதிரை, சூழ்ச்சி என்று எல்லாரையும் போல நீங்களும் எழுதியிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களோ இருநிலா நாடு என்று ஒன்றை உண்டாக்கி, அதன் வானத்தில் பெரிய நிலா ஒன்று, சின்ன நிலா ஒன்று என்று இரண்டைத் தொங்கவிட்டு, சின்னது ஓடிப்போய்ப் பெரியதை எட்டிவிட்டால் மாதம் முடிந்தது என்று சொல்லி, வாரத்துக்கு ஐந்தே நாள் வைத்து, அதற்கு விதைநாள், நீர்நாள், நிழல்நாள், நெருப்புநாள், படுக்கைநாள் என்று பெயரும் சூட்டி, கடிகாரத்துக்குப் பதிலாக அரண்மனை வாசலில் ஓர் ஓட்டைக் குடத்தைக் கட்டி, அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கீழ்க்குடத்தில் நிறைந்தால் ஒரு வேளை கழிந்தது என்றும் எழுதினீர்கள். சரி, கதைதானே என்று இருந்தேன். பொங்கல் மலரில் அந்த நாட்டுக் காலண்டரையே இலவசமாகக் கொடுக்க வைத்தீர்களே, அங்கேதான் வினை பிடித்தது. கதை தொடங்கிய வாரம்தான் அந்த நாட்டுக்கு வருஷப்பிறப்பு என்று அடிக்குறிப்பு வேறு. என் மகள், உங்கள் அருமை மருமகள் பூங்காவனம், அன்றைக்கே நம் வீட்டுத் தினசரிக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிப் பரணில் போட்டுவிட்டு உங்களுடையதை மாட்டினாள்.

மறுநாளே கொல்லையில் மேல்குடம் கீழ்க்குடம் கட்டியாகிவிட்டது. "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டால், "இன்னும் ரெண்டாங்குடம் நெறையலப்பா" என்கிறாள். கைக்கடிகாரத்தைக் காட்டினால் பரிதாபமாகப் பார்க்கிறாள். உங்கள் அக்காள் கண்டிப்பாள் என்று பார்த்தால், அவளும் பால் காய்ச்சுவதைக் குடத்தைப் பார்த்துத்தான் காய்ச்சுகிறாள். பூங்காவனத்தைக் கொடுக்கப்போகிற உடையார்பாளையத்துச் சம்பந்தி வீட்டுக்குத் தட்டு எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? அரியலூர் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். கடிகாரம் ஓடவில்லை, சாவி கொடுக்க மறந்திருக்கிறேன். "பதறாதீங்கப்பா, கீழ்க்குடம் அரைதான் ஆயிருக்கு" என்று பெண் சொன்னாள். நம்பி உட்கார்ந்திருந்தோம். குடம் நிறையவே இல்லை. எப்படி நிறையும்? பக்கத்து வீட்டு ஆடு வந்து நேரத்தைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. பஸ் போயே போய்விட்டது. அடுத்ததைப் பிடித்து, அரியலூரில் மாறி, சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கும்போது சரியாக ராகுகாலம். உள்ளே போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. தேங்காய் பழத் தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு, ஏதோ கோயில் கோபுரத்தைச் சேவிக்கிறவர்களைப் போல, குடும்பத்தோடு நடுத்தெருவில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். அந்தத் தெருவிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியாது என்று பிறகுதான் சொன்னார்கள்.

இதோடு நின்றதா? முந்திரிக்காட்டு வேலையைப் பார்த்துக்கொள்ளும் கொளஞ்சியப்பன் போன மாதம் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "அய்யா, நாளைக்கு ஆளுங்க வரமாட்டாங்கங்க, படுக்கைநாளுங்க" என்றான். யார் சொன்னது என்று கேட்டேன். "உங்க மச்சான்தானுங்களே எழுதியிருக்காங்க. படுக்கைநாள்ல மம்பட்டியத் தொட்டா அந்த ராசா கசையால அடிக்கிறாருங்க" என்றான். அது கதையப்பா என்றேன். "அதான் கடையில வச்சு நீங்களே எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனீங்களே, பொய்யையா காட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டான். இப்போது என் காட்டில் ஐந்து நாளைக்கு ஒருமுறை லீவு. அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமையும் லீவு, அது நம்ம நாட்டுக் கணக்காம்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன் மச்சான், சத்தியமாகப் பொறுத்துக்கொண்டேன். இப்போது எழுதப்போகிற விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பூங்காவனத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை செல்லப்பன் வடக்கே பிலாயில் எஃகு ஆலையில் வேலை பார்க்கிறார். தங்கமான பையன். ஆவணியில் லீவில் வருகிறார், கல்யாணத்தை முடித்துப் பெண்ணைக் கையோடு அழைத்துப் போகிறார். ஜோசியர் வெள்ளைச்சாமி பஞ்சாங்கம் பார்த்து ஆவணி மூன்றாம் வாரத்தில் முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுவதுதான் பாக்கி. போன வாரம் கிணற்றடியில் பூங்காவனம் எதிர்வீட்டு ஜானகியிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை, கால் கழுவப் போனேன். "முகூர்த்தம் சரியா எண்ணாத நாள்ல வருதுடி" என்றாள் என் மகள். அதற்கு அந்த ஜானகி வாயைப் பொத்திக்கொண்டாள். கால் கழுவாமலே திரும்பிவிட்டேன்.

கடைக்குப் போய் உங்கள் பழைய இதழ்களையெல்லாம் இறக்கிப் பார்த்தேன். எண்ணாத நாளைப் பற்றி நீங்கள் எழுதியதைக் குறித்துக்கொண்டேன், அதை உங்களுக்கே எடுத்து எழுதுகிறேன், படித்துப் பாருங்கள்: 'இரு நிலாக்களும் ஒளிந்துகொள்ளும் அந்த ஒரு நாளை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. அன்று நடந்தது நடந்ததாகாது. அன்று கொடுத்த வாக்கு வாக்கல்ல. அன்று சூடிய முடி முடியல்ல.' அன்றைக்குப் பட்டம் கட்டிக்கொண்ட இளவரசனை மறுநாள் காலையில் காவல்காரன் 'நீ யார்?' என்று கேட்டு வெளியே தள்ளுகிறானே, படித்தபோது நானும் சிரித்தவன்தான். இப்போது அந்த இளவரசன் இருக்கிற இடத்தில் செல்லப்பன் நிற்கிறார். தாலி கட்டி முடித்து மறுநாள் காலையில் என் மகள் 'நீங்கள் யார்?' என்று கேட்டுவிட்டால்? ஆவணியில் கொட்டு மேளம் கொட்டி, ஊரைக் கூட்டிச் சோறு போட்டு, பிறகு அது நடக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? பெண்ணுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, அதை வாய்விட்டுச் சொல்லாமல் இப்படி ஒரு நாளைப் பிடித்துக்கொண்டாளோ என்றும் தோன்றுகிறது. அவளையே கேட்டுவிடுங்களேன் என்பீர்கள். கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால் அவளைத் தவிர எல்லாரையும் கேட்டேன். உங்கள் அக்காள், "அவளே ஒண்ணும் சொல்லல, நீங்க ஏன் கெடந்து அல்லாடுறீங்க" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

வேறு தேதி கேட்கலாம் என்று வெள்ளைச்சாமியிடம் போனேன். அவர் காரணம் கேட்டார். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பத்திரிகையை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தலையைத் தூக்கி, "ரெண்டு சந்திரன்னு போட்டிருக்கே, சந்திராஷ்டமம் எந்தச் சந்திரனுக்குங்க பாக்குறது?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? "உங்க மச்சானக் கேட்டு எழுதுங்க, அது தெரியாம மேல போக முடியாது" என்று சொல்லி, பழைய இதழ்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். நேற்றுப் போனால் அந்த நாட்டு ராஜாவுக்குக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். "ஜாதகர் ரொம்பக் கஷ்டப்படுவாருங்க, பரிகாரம் பண்ணணும்" என்கிறார். என் மகள் கல்யாணத் தேதி என்ன ஆச்சு என்று கேட்டேன். அது மாறாதாம். அதை விட்டால் புரட்டாசி வந்துவிடும், ஐப்பசிக்குள் மாப்பிள்ளை லீவு முடிந்து பிலாய் போய்விடுவார்.

ஆக, எங்கள் பஞ்சாங்கம் அசையாது. அசைய முடிந்தது உங்கள் பஞ்சாங்கம் ஒன்றுதான். மச்சான், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வயதில் மூத்தவன் கும்பிடுகிறேனே என்று பார்க்காதீர்கள். வருகிற இதழிலேயே அந்த எண்ணாத நாளை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாவிட்டால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். எப்படி எழுதுவது என்று திணறினால் நானே ஒரு பாரா எழுதி வைத்திருக்கிறேன்: 'மன்னர் பெருமானுக்கு ஜலதோஷம் கண்டிருப்பதால் இந்த ஆண்டு எண்ணாத நாள் ரத்து செய்யப்பட்டதாகச் சகலருக்கும் இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது. உத்தரவுப்படி.' நடை கொஞ்சம் ஆபீஸ் நடையாக இருக்கும், நீங்கள் பார்த்துச் சரிசெய்து கொள்ளுங்கள். நீங்கள் தாய்மாமன். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய கை உங்களுடையது. அந்தக் கையால் இந்த ஒரு வரியை எழுதக் கூடாதா?

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே குடும்பத்துடன் வந்து சேரவும், நாள் என்று நான் சொல்வது நம்ம நாள். பழுவூர் ஈசுவரன் உங்களுக்குத் தீர்க்காயுசும், கொஞ்சம் நிதானமான கற்பனையும் அருளட்டும்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத
சிவசுப்பிரமணியன்.

பி.கு.: உறை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை கேட்டேன். பூங்காவனம்தான் கொண்டுவந்தாள். யாருக்குக் கடிதம் என்று கேட்டாள். மாமாவுக்கு, அந்த எண்ணாத நாளை எடுத்துவிடச் சொல்லி, என்று வாயில் வந்துவிட்டது. "எடுக்கச் சொல்லாதீங்கப்பா" என்றாள். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையாம்மா என்று எப்படியோ கேட்டுவிட்டேன். "அய்ய, யாரு சொன்னா? புடிச்சிருக்குப்பா" என்று சொல்லி வெட்கப்பட்டாள். பின்னே ஏன் அந்த நாள் என்றேன். பருக்கையை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு நடந்தது எதுவும் கணக்குல வராதுல்லப்பா? அப்ப அன்னைக்கு வூட்ட விட்டுப் போறதும் கணக்குல வராது. பிலாய்க்குப் போனாலும் நான் இங்கதான் இருக்கேன்."

ஆகையால் மச்சான், மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். அந்த நாள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். முடிந்தால் அதை இரண்டு நாளாக்குங்கள்.