சாட்சிப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடுங்கள்

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு, மைத்துனன் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் இங்கே நலம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். பொய் பேசக் கூடாது என்று நீங்களே சொல்லியிருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்பவர்கள் பட்டியலில் என் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். 'அவிசுவாசிகளான நண்பர்கள் நடுவே மாற்றம் தெரியும் வாழ்க்கை' என்று தலைப்பு வேறு. தயவுசெய்து அடித்துவிடுங்கள். மாற்றம் இருக்கிறது, தெரியத்தான் இல்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். மீட்டரில் முள் அசையாதபோது கரண்ட் வருகிறது என்று மேடையேறிச் சொல்ல என்னால் முடியாது.

ஞானஸ்நானம் எடுத்து நான் தலை துவட்டி முடிப்பதற்குள் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாப்ளே, நண்பர்கள்கிட்ட பிரசங்கம் பண்ணிடாதே. வாழ்ந்து காட்டு. அவங்களே வந்து கேப்பாங்க." நான்கு மாதமாகக் காட்டுகிறேன். கேட்கத்தான் செய்கிறார்கள், அத்தான். என்ன கேட்கிறார்கள் தெரியுமா? வேலை முடிந்து குடிக்கப் போவதை நிறுத்தினேன், ஸ்டோர் கீப்பர் என்னைத் தனியே கூப்பிட்டு, "லிவரா? என் சகலைக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று முதுகைத் தடவினார். கெட்ட வார்த்தையை விட்டேன். வாயைத் திறக்க முடியாத அளவுக்குப் பல்வலி என்று அவர்களாகவே முடிவு கட்டி மேஜைமேல் கிராம்புத் தைலம் வாங்கி வைத்தார்கள். சாமான் வழியில் வந்துகொண்டிருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் அளப்பதை விட்டுவிட்டு, "இன்னும் ஆர்டரே போடலை சார், ஒன்பது நாள் ஆகும்" என்று உண்மையைச் சொன்னேன். எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, அந்தத் திமிர்தான் என்று சூப்பர்வைசர் முறைக்கிறார். ஒருநாள் மத்தியானம் பொறுமை போய், சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, இயேசு என்னை மாற்றிவிட்டார், அவ்வளவுதான், வேறு ஒரு வியாதியும் இல்லை என்று போட்டு உடைத்தேன். ஒருவர் என் பக்கம் தண்ணீரை நகர்த்தினார். பிறகு ஸ்டோர் கீப்பர், "அது நல்லதுப்பா. டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். நேற்றுக் காலை நடந்ததை விட முடியாது. என்னோடு ஐந்து வருஷமாக வேலை செய்யும் கூட்டாளியை உங்களுக்குத் தெரியும், உயரமாக, ஒல்லியாக, ஒட்டடைக்குச்சியைச் சுருக்கி நாங்கள் ஒட்டடை என்று கூப்பிடுவோமே, அவன். லிஃப்ட் ஏறி இறங்கும் அந்தச் சிமெண்டுக் கிணற்றுக்குள் பேசினால் பாதி காதில் விழாது. அதனால் எங்கள் இருவருக்கும் ஒரு பாஷை இருந்தது. நான் கழுதை என்றால் மெதுவாக. எருமை என்றால் மேலே. அவன் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொல்வேன். அதற்கு உடனே நிறுத்து என்று அர்த்தம். ஐந்து வருஷத்தில் ஒரு விபத்து கிடையாது. நான் மனம் திரும்பிய பிறகு, "சகோதரா, தயவுசெய்து மேலே வா" என்று சொல்லிப் பார்த்தேன். "தயவுசெய்துன்னா மெதுவாவா வேகமாவாடா?" என்று கத்துகிறான், அதுவும் ஆறு மாடிக்குக் கேட்கிற மாதிரி.

நேற்று அவன் லிஃப்டின் தலைமேல் நின்று, பட்டனை அழுத்திக்கொண்டு மெல்ல மேலே வந்துகொண்டிருந்தான். விரலை எடுத்தால் நின்றுவிடும். நான் எட்டாவது மாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மேலிருந்து பார்க்கிறேன். லிஃப்ட் ஏற ஏற, பின்பக்கம் ஒரு இரும்புப் பாரம் இறங்கும், முக்கால் டன். இவன் அந்தப் பக்கமாக முழங்கையை வெளியே நீட்டிச் சாய்ந்துகொண்டு, ஏதோ பேருந்து ஜன்னலில் உட்கார்ந்த மாதிரி வருகிறான். "சகோதரா, தயவுசெய்து நிறுத்து!" என்றேன். சிரித்தான். "ஜெபத்தை முடிச்சிட்டுச் சொல்லுங்க பாஸ்டர்" என்றான். விரலை எடுக்கவில்லை. பாரம் அவன் கைக்கு ஒரு முழம் மேலே. என் வாயிலிருந்து வந்தது, அத்தான். அவன் அம்மாவைப் பற்றிய அதே வார்த்தை, முன்னைவிடச் சத்தமாக, கூட இரண்டு சேர்த்து. அவன் யோசிக்கவேயில்லை, விரல் தானாக எடுபட்டது. பாரம் முழங்கைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

மேலே ஏறி வந்தவனுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. "மன்னிச்சுக்கடா" என்றேன். "கையைக் காப்பாத்திட்டு எவனாவது மன்னிப்புக் கேப்பானாடா?" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. திட்டு வாங்கியது அவன் இல்லையே. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தையல் மிஷினில் ஏதோ சீருடை தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னைக்குக் காலையில உங்களைப் பத்தி அசிங்கமா ஒரு வார்த்தை சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க."

"இன்னைக்கா?"

"ஆமாம்மா."

"அப்ப அஞ்சு வருஷமா சொன்னது?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அதுக்கும் சேத்துத்தாம்மா" என்றேன். அவர் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். என் புது வாழ்க்கை ஒருவன் கையை எடுக்கப் பார்த்தது, பழைய வாய்தான் காப்பாற்றியது. இதையா மைக்கைப் பிடித்துச் சபையில் சொல்லச் சொல்கிறீர்கள்? நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததெல்லாம் ஒரே மூச்சில் போயிற்று. பெயரை அடித்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் வீட்டை ஆசீர்வதிப்பாராக. நேரமிருந்தால் என் நாக்கையும் கவனிப்பாராக.

இப்படிக்கு,
மேடைக்குத் தகுதியில்லாத மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஒட்டடை வந்து வாசலிலேயே நிற்கிறான். "ஞாயித்துக்கிழமை உன் சபை எத்தனை மணிக்குடா? அம்மாவுக்கு வரணுமாம்." எதற்கு என்றேன். "நீ குடியை விட்டது, ஒழுங்கா பேசறது எல்லாம் சொன்னேன், நம்பலை. திட்டிட்டு வீடு தேடி வந்து நின்னியே, அதுலேருந்து தூங்கலை. உன்னை ரிப்பேர் பண்ண மெக்கானிக் யாருன்னு பாக்கணுமாம்." நீ வருகிறாயா என்றேன். "பின்னே அவங்களை யார் கூட்டிட்டு வர்றது?" என்று எரிந்து விழுந்தான். அத்தான், மேலே எழுதியதைப் படிக்காதீர்கள். பெயரை அடித்திருந்தால் திரும்ப எழுதுங்கள், இந்தத் தடவை பேனாவால்.