இரண்டு ராகு காலமும் ஒரு கம்பெனியும்

என் மச்சான் செல்வராஜ் ஒரு துரோகி. (என் மனைவியின் அண்ணன்தான். இதைப் படித்துவிட்டு அவள் சோறு போடாவிட்டால் என்ன, துபாய் கராமாவில் ஓட்டலுக்கா பஞ்சம்?)

நாங்கள் இருவரும் ஏ.சி. மெக்கானிக்குகள். துபாயில் பல வருடம் அடுத்தவன் கம்பெனி சட்டையைப் போட்டுக்கொண்டு ஏணி ஏறினோம். பிறகு சொந்தமாக ஒரு எல்.எல்.சி. கம்பெனி தொடங்கக் கிளம்பினோம். பங்குதாரர்கள் இருவரும் அரசு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் லைசென்ஸ் வந்துவிடும். அன்று சாயங்காலத்துக்குள் அதைக் காட்டினால், ஒரு பெரிய கட்டடத்தின் ஏ.சி. வேலை முழுக்க எங்களுக்கு. “இன்னைக்கு இல்லன்னா கலாஸ் பாய், வேற ஆளப் பாத்துக்குவேன்” என்று அதன் மேனேஜர் சொல்லியிருந்தார்.

அன்று வியாழக்கிழமை. ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று. எந்த ஊர் ஒன்றரை?

“நாம பொறந்தது அங்க மாப்ள. ராகு ஊரு டயத்துலதான் நம்மளத் தேடுவான்” என்றார் மச்சான்.

“கையெழுத்து இங்கதான மச்சான் போடுறோம்?”

ஊர் நேரம் துபாயைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. ஆக, துபாய் நேரப்படி பன்னிரண்டு முதல் மூன்று வரை இரண்டு ராகு காலமும் இடைவெளியில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எதற்கு வம்பு, இரண்டையும் தவிர்த்துவிடுவோம் என்றேன். (இந்தப் புத்திசாலித்தனம் முழுக்க என்னுடையது.)

காலையிலேயே போய் உட்கார்ந்தோம். எங்கள் டோக்கனைப் பன்னிரண்டு தாண்டித்தான் கூப்பிட்டார்கள்.

“பாத்ரூம்ல போய் உக்காரு மாப்ள. வயித்தக் கலக்குதுன்னு நான் சொல்லிக்கிறேன்.”

போனேன். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ராகுவுக்குப் பயந்து கக்கூஸில் ஒளிந்திருந்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் நல்லவர். அதுதான் வினை. நெடுநேரம் நான் வராததால் செக்யூரிட்டியை அனுப்பினார். “பாய், டீக் ஹை?” என்று நலம் விசாரித்துக் கதவைத் தட்டினான். வாயைத் திறந்தால் வெளியே வரவேண்டும். பேசாமல் இருந்தேன். உள்ளே ஒருவன் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால் என்ன செய்வார்கள்? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

கதவைத் திறந்து என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து, ஹால் முழுக்கப் பார்க்கத் தள்ளி வந்தார்கள். நடிப்பு என்று தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து முனகினேன். நன்றாகவே முனகினேன்.

ஆம்புலன்ஸ்காரர் மச்சானிடம் இந்தியில் கேட்டார், இவர் உங்களுடன் வந்தவரா என்று.

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மாலும் நஹி பாய்.”

தெரியாதாம்! சற்று முன்னால் கவுண்டரில் ‘மை பார்ட்னர்’ என்று சொன்ன அதே வாய்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்து, கேஸ் என்றார். நான் வெளியே வருவதற்குள் அலுவலகம் மூடிவிட்டது. கட்டட வேலை வேறொருவனுக்குப் போனது. இன்றும் பஸ் அந்தக் கட்டடத்தின் வழியாகப் போனால் நான் செல்போனைப் பார்த்துக் குனிந்துகொள்கிறேன்.

அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டோம். டோக்கன் கூப்பிட்டபோது ராகு காலம்தான். இருவருமே கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து போனோம். கம்பெனி இன்றுவரை நன்றாக ஓடுகிறது.

ஆனால் எந்த விசேஷத்திலும் நான் பாத்ரூம் பக்கம் எழுந்தால் போதும், “மாமா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா?” என்று மச்சான் பிள்ளைகள் கத்துகின்றன. கதையைப் பரப்பியவர் அவர்தான். அதில் என் முனகல் உண்டு, சக்கர நாற்காலி உண்டு. ‘மாலும் நஹி’ மட்டும் கிடையாது.

மச்சான், இதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன். தங்கச்சி புருஷனை ஏன் தெரியாது என்றீர்கள்? தனியாகப் போன் போட்டுச் சமாதானம் பேசாதீர்கள். அத்தனை பேரும் பார்க்க, குரூப்பிலேயே பதில் எழுதுங்கள்.