வெளியே நின்ற தலைவர்

சென்னிமலை சங்கத் தலைவராக இருக்கும்வரை அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் குழந்தைவேலின் போர்வெல் ரிக் வண்டி நுழையாது. காலையில் பல் துலக்கும்போதே அவர் எடுத்த முடிவு அது.

நாமக்கல், பரமத்தி சாலைக் குடியிருப்பின் போர்வெல் ஒரு மாதமாகக் காற்றைத்தான் இறைத்தது. புதிதாகத் துளை போட வேண்டும். குழந்தைவேல் திருச்செங்கோட்டில் ரிக் வைத்திருப்பவன். சென்னிமலையின் மனைவி சௌந்திரத்துக்குத் தம்பி. போன மாசியில், காதுகுத்துப் பந்தியில், "மாப்ள வண்டி எங்க ஓட்டை போட்டாலும் புழுதிதான் வரும்" என்று சென்னிமலை சொல்லிவிட்டார். இலையை மடித்துவிட்டு எழுந்தவன் அதன் பிறகு பேசவில்லை. இப்போது அவனே வந்து தண்ணீரும் எடுத்துவிட்டால் இவர் எந்தப் பந்தியிலும் நிமிர்ந்து உட்கார முடியாது.

"உன்ற தம்பி கொட்டேஷன் குடுக்கறானாமா?"

"தெரியலீங்க. குடுத்தா என்ன, நீங்க இருக்கீங்கல்ல."

"நல்லாருக்குது. தலைவரு மச்சினனுக்கே குடுத்துட்டாருன்னு எல்லாரும் பேசறதுக்கா?"

"அப்ப ஒரு தீர்மானம் போட்டுருங்க. சொந்தக்காரங்க கொட்டேஷன் குடுத்தா அந்தக் கமிட்டிக்காரரு எந்திரிச்சு வெளிய போயிரோணும். வாயே தொறக்கப்படாது. உங்க நேர்மை நாலு பேருக்குத் தெரியட்டுமுங்க."

சென்னிமலைக்குப் பிடித்துப்போனது. சாயங்காலத்துக்குள் அது அவருடைய யோசனையாகவே ஆகிவிட்டது. கமிட்டி கைதட்டி நிறைவேற்றியது.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் நவநீதகிருஷ்ணன் வந்திருந்த கொட்டேஷன்களைப் படித்தார். கடைசியாகக் குழந்தைவேல் பெயர் வந்தது. சென்னிமலை தொண்டையைச் செருமினார். அவர் வேண்டாம் என்ற எதையும் அந்தக் கமிட்டி வேண்டும் என்று சொன்னதில்லை.

"தலைவருங்க, கொஞ்சம் வெளிய..."

"நான் வேண்டாம்னு சொல்றதுக்குத்தானுங்க இருக்கறன்!"

"வேணும்னாலும் வேண்டாம்னாலும் வாயத் தொறக்கப்படாதுன்னு சொன்னது நீங்கதானுங்களே."

கதவு சாத்தப்பட்டது.

உள்ளே முதலில் முணுமுணுப்பு. பிறகு யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரிப்பு? காதைக் கதவில் வைத்தார். மின்விசிறிதான் கேட்டது. ஜன்னல் பக்கம் போய்க் குதிகாலை உயர்த்தினார். நவநீதகிருஷ்ணனின் வழுக்கை மேலும் கீழும் ஆடியது. சம்மதமா, தூக்கமா?

நாயை நடத்தி வந்த மேல்வீட்டுப் பிரீத்தி நின்றாள். "என்னங்க சார் பாக்கறீங்க?"

"காத்து வாங்கறனுங்க."

"ஜன்னலுக்குள்ள இருந்துங்களா?"

அதற்குள் உள்ளே கைதட்டல் கேட்டது. நவநீதகிருஷ்ணன் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார். "ஏகமனதாங்க. உங்க மச்சினனுக்கே. எதிர்த்து ஒருத்தரும் பேசலீங்க."

எதிர்த்திருக்கக்கூடிய ஒரே ஆள் மாடிப்படி ஏறி வீட்டுக்குப் போனார். அவருடைய நாற்காலியில் குழந்தைவேல் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தான்.

"வாங்க மச்சான். நாளைக்கு வண்டி வருது. பூசைக்குத் தேங்காய நீங்கதான் ஒடைக்கோணும்."

சென்னிமலை நேராகச் சமையலறைக்குள் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏ புள்ள, இவன் உள்ள வரப்படாதுன்னுதான அந்தத் தீர்மானத்தப் போடச் சொன்ன?"

சௌந்திரம் பணியாரத்தைத் திருப்பிப் போட்டாள்.

"இல்லீங்க. நீங்க வெளிய போகோணும்னு."