ஆறு செடி, ஏழு முசுறுக் கூடு, பதினாலு அதிகாரிகள்

அரசாங்கத்தின் கொள்கைகள் எங்கள் ஊருக்குப் பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்து சேரும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அந்தச் சாப்பாட்டைச் சமைப்பவள் நான்தான்.

என் பெயர் லம்யாய். முச்சந்திப் புளியமரத்தடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். காக்கிச் சட்டை போட்ட யார் ஜீப்பிலிருந்து இறங்கினாலும், அவர் எதற்கு வந்தார் என்று ஊர்த்தலைவர் கேட்கிறாரோ இல்லையோ, எனக்கு ஆள் அனுப்பிவிடுவார்.

வீட்டில் கஞ்சா வளர்க்கலாம் என்று சட்டம் வந்த வருஷம் தாய்லாந்தே ஒரு ஆட்டம் ஆடியது. நூடுல்ஸில் கஞ்சா இலை, ஆம்லெட்டில் கஞ்சா இலை, பற்பசையில், சோப்பில், குச்சி ஐஸில் என்று ஒன்றையும் விடவில்லை. பல் வைத்தியர் வாசலில் குரோட்டன்ஸை எடுத்துவிட்டு இரண்டு கஞ்சாத் தொட்டி வைத்தார். நானும் சும்மா இருப்பானேன்? கோழிக்குழம்பில் ஒரு இலையை மிதக்கவிட்டேன். ருசி அப்படியேதான் இருந்தது, கடைக்குப் பெயர்ப்பலகை மட்டும் புதிதாக வந்தது.

இந்தக் கூத்தில் சேராதவள் என் அண்ணி தோங்சுக் ஒருத்திதான். என் அண்ணன் பூன்லெர்ட் பனைமரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர். படுத்தால் வலி, புரண்டால் வலி. அண்ணி கைபேசியில் முறைப்படி பதிந்துகொண்டு ஆறு தொட்டியில் செடி வளர்த்தாள். பூவைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிக் குப்பியில் வைத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு நாலு சொட்டு விட்டுக்கொண்டால் அண்ணன் தூங்குவார். இல்லாவிட்டால் அவரும் தூங்கமாட்டார், அண்ணியும் தூங்கமாட்டாள், ஒரே சுவர் என்பதால் எனக்கும் தூக்கம் கிடையாது. இந்தக் கதை அந்த நாலு சொட்டைப் பற்றியது. மற்றதெல்லாம் சாப்பாடு.

செடி வளர்ந்ததும் பச்சைப்புழு வந்தது. அண்ணி மருந்தைத் தொடமாட்டாள். "மருந்தடிச்ச பூவைக் காய்ச்சி உங்க அண்ணன் வாயிலயா ஊத்தச் சொல்றே?" என்பாள். அவள் வீட்டு மாமரத்தில் ஏழு முசுறு எறும்புக் கூடுகள் இருந்தன. கிளையிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கயிறு கட்டிவிட்டாள், அவ்வளவுதான். முசுறுகள் கயிற்றில் இறங்கி வந்து, புழுவை இழுத்துக்கொண்டு மேலே போய்விடும். இலையில் ஒரு ஓட்டை கிடையாது.

இதைப் பார்க்க வந்தவர் கம்போன். மாவட்ட வேளாண் அலுவலகத்தில் இளைய அதிகாரி. நல்ல பிள்ளை, எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்ளும்.

"அத்தை, இதுங்களை யாரு இங்க நியமிச்சது?"

"எறும்பையா? அதுங்களே வந்துச்சு தம்பி."

"தன்னார்வத் தொண்டு!" என்று எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் மாமரத்தடியில் பலகை முளைத்தது. 'இயற்கை வழிப் பூச்சி மேலாண்மை முன்மாதிரி இல்லம். இங்கு முசுறு எறும்புகள் பணியில் உள்ளன. இடையூறு செய்யாதீர்.'

பலகை திறப்பு விழாவுக்கு நாலு பேர் வந்தார்கள். வெயில் காலம், முசுறு முட்டை கொழுத்திருக்கும் பருவம். தலைக்கு மேலே முட்டை தொங்கும்போது விருந்தாளிக்குக் கோழிமுட்டையைப் பொரித்துப் போட்டால் ஊர் மானம் என்ன ஆவது? நுனியில் கூடை கட்டிய மூங்கில் கம்பை எடுத்தேன், ஒரு கூட்டைக் குத்தி உலுக்கினேன். வெள்ளை வெளேரென்று முட்டை கொட்டியது. எலுமிச்சை, மீன்சாறு, வறுத்த அரிசிப்பொடி, சின்ன வெங்காயம், புதினா போட்டுப் பிசைந்து வைத்தேன். வாயில் பட்டதும் பட்டென்று உடையும். கம்போன் இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

"எங்க வாங்கினீங்க அக்கா?"

"அதோ, உங்க பலகைக்கு மேலதான்."

"உள்ளூர் உற்பத்தி!" என்று அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்து மாவட்டத் தலைமை அதிகாரி, படம் பிடிப்பவரோடு வந்தார். பலகையோடு ஒரு படம், எறும்போடு ஒரு படம், தட்டோடு ஒன்பது படம். அதோடு மொத்தம் இரண்டு கூடு காலி. அதற்கும் அடுத்து மாகாணத்திலிருந்து பதினாலு பேர் கொண்ட குழு. மேற்படி இல்லத்தில் எறும்பு அடர்த்தியை நேரில் அளப்பதற்காக வந்தார்கள். பதினாலு பேருக்கு மூன்று கூடு வேண்டியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அளந்தார்கள். உச்சிக் கிளையில், என் கம்புக்கு எட்டாத கூடு ஒன்றும், சுவரோரம் ஒன்றுமாக இரண்டுதான் தேறின.

அறிக்கை வந்தது: 'ஏழாக இருந்த கூடுகள் குறுகிய காலத்தில் இரண்டாகக் குறைந்திருப்பது கவலைக்குரியது. காரணம் அறியப்படவில்லை. ஆவன செய்யப்படும்.'

புழுக்கள் அறிக்கைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. கயிறு வெறுமையாகத் தொங்க, செடி சல்லடை ஆனது. அண்ணி வேப்பிலையை அரைத்துக் கரைசல் காய்ச்சினாள். அந்த நேரம் பார்த்துக் கம்போன் வந்து நின்றார்.

"அத்தை, அதை ஊத்திடாதீங்க!"

"ஏன் தம்பி? வேப்பிலைதானே?"

"வேப்பிலைக்கு வேற கோப்பு. அது பக்கத்து மாவட்டத்துக்குக் குடுத்தாச்சு. உங்க வீடு எறும்பு. கலந்துட்டா கணக்கெடுப்பு கெட்டுப்போயிடும்."

"செடி கெட்டுப்போச்சுன்னா?"

"அது கணக்கெடுப்புல சேந்துடும், பிரச்சினை இல்லை."

அடுத்த வாரம் எறும்பு குறைந்த காரணத்தைக் கண்டுபிடிக்க விசாரணைக் குழு வந்தது. தலைவர் முனைவர் விச்சுடா, சங்கிலி கோத்த கண்ணாடி போட்ட அம்மாள். விசாரணைக்கு முன் சாப்பாடு. நான் சுவரோரக் கூட்டை உலுக்கினேன். ஆமாம், நான்தான். ஜீப் சத்தம் கேட்டால் என் கை தானாகக் கம்புக்குப் போய்விடுகிறது.

"அப்படி எங்கதான் போயிருக்கும்?" என்றார் முனைவர், வாயில் கரண்டியோடு.

"பருவநிலை மாற்றம்" என்றார் ஒருவர், எலுமிச்சை பிழிந்தபடி.

"இளைய தலைமுறை எறும்புங்க நகரத்துப் பக்கம் போகுதோ என்னவோ" என்றார் இன்னொருவர், தட்டை என் பக்கம் நீட்டிக்கொண்டே.

அண்ணியால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, நீங்க சாப்பிடறதே அதுதாம்மா!"

முனைவர் கரண்டியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "இது முட்டை. காணாமப் போனது எறும்பு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

குழு பரிந்துரைத்தது: 'முசுறைக் காப்போம்' என்ற தலைப்பில், அதே இடத்தில், ஐம்பது பேருக்கு ஒரு நாள் கருத்தரங்கு. மதிய உணவு உண்டு.

அவர்கள் போனதும் அண்ணி எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். அடியில் ஒரு விரல்கடை இருந்தது.

"இன்னும் பத்து நாளைக்கு வரும். அப்புறம் உங்க அண்ணன் கத்துறதைக் கேட்டுக்கிட்டே சமை. அவங்களைச் சொல்லி என்ன பிரயோசனம்? ஊட்டி ஊட்டி வளர்த்தவ நீதானே!"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் குனிந்து செடியிலிருந்து புழுவைக் கையால் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் தடிமன். கஞ்சா இலையைத் தின்று மினுமினுவென்று இருந்தன. மூங்கில் புழுவும் பட்டுப்புழுவும் என் கடையில் தினம் வறுக்கிறேனே, இதென்ன பாவம் செய்தது?

"அண்ணி, அந்த வாளியை இப்படிக் குடுங்க" என்றேன்.

புழுக்களை ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டேன். உப்பு, பூண்டு, நார்த்தை இலை போட்டு மொறுமொறுவென்று பொரித்தேன். கருத்தரங்கில் ஆளுக்கு மூன்று வைத்தேன். நார்த்தை இலை நிறைய, புழு கொஞ்சம். ஒரு நிமிஷம் மொறுமொறு சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னும் இருக்கா?" என்றார் முனைவர்.

"இருக்கும்மா, செடியில. நீங்களே பறிச்சுக் குடுத்தா சுடச்சுட பொரிச்சுத் தர்றேன்."

பிறகு நடந்ததை என் வாயால் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஐம்பது அதிகாரிகள் காக்கிச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு செடிக்குச் செடி நின்றார்கள். ஒவ்வொரு இலையாகப் புரட்டினார்கள். முனைவர் கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியாகப் பிடித்து இலைக்கு அடியில் தேடினார். மாவட்டத் தலைமை அதிகாரி தொட்டியடியில் மண்டிபோட்டார். மூன்று மணிக்கு ஆறு செடியிலும் ஒரு புழு இல்லை. அரசாங்கம் எங்கள் ஊரில் வேலை செய்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த கொள்கை விளக்க உரையில் சிரிப்பே இல்லாத இடத்திலெல்லாம் சிரித்தார்கள். அதற்குப் புழு தின்ற இலை காரணமாக இருக்கலாம், நான் வைத்தியர் இல்லை.

வாராவாரம் வந்தார்கள், வாராவாரம் பறித்தார்கள். முசுறை யாரும் கேட்கவே இல்லை. உச்சிக் கிளைக் கூடு தழைத்துப் பக்கத்துக் கிளைகளில் கிளை பரப்பியது. மழைக்கு முன்னால் அண்ணி பூ அறுத்தாள். எண்ணெய் காய்ச்சினாள். அண்ணன் தூங்கினார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குறட்டையைக் கேட்டு நான் அழுதேன், பொய் சொல்லவில்லை.

அடுத்த வெயில் காலத்தில் ஜீப் வந்தது. கம்போனுக்குப் பதவி உயர்வு, தோளில் ஒரு கோடு கூட இருந்தது. பழைய பலகையைப் பிடுங்கிப் புதுசு நட்டார்: 'கஞ்சாப் புழு வளர்ப்பு முன்மாதிரி இல்லம்.' தலைநகரத்துப் பெரிய ஓட்டல்களில் இப்போது அதுதான் மோகமாம். பின்னால் இரண்டு பேர் தட்டுத் தட்டாகப் புழுக்குஞ்சுகளை இறக்கினார்கள்.

"தம்பி, போன வருஷம் எறும்புதானே பணியில இருந்துச்சு?" என்றாள் அண்ணி.

"கொள்கை மாறிடுச்சு அத்தை. புழுவைத் தின்னுதே! அதனால இப்போ புழு பயிர், எறும்பு பூச்சி."

"அப்போ செடி?"

"தீவனம்."

"என் வீட்டுக்காரர்?"

கம்போன் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். "அவரைப் பத்தி இதுல ஒண்ணும் போடலையே அத்தை."

"எறும்பை மருந்தடிச்சா கொல்லப்போறீங்க?"

"சேச்சே! இயற்கை வழிதான். முட்டையிலேயே கட்டுப்படுத்திடணும்." சொல்லிவிட்டு மாமரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்கும் ஒரு உத்தரவு கொண்டுவந்திருந்தார். என் சேவையைப் பாராட்டி, பூச்சி மேலாண்மை (சுவை) ஆலோசகராக நியமனம். கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை, அதில் என் படம். அண்ணிக்காகக் குழுவுக்குள்ளேயே இருந்து பேசலாமே என்றுதான் ஒப்புக்கொண்டேன். அட்டை எனக்கு எடுப்பாகவும் இருந்தது.

முதல் ஆய்வு அடுத்த பள்ளத்தாக்கில். ஆறு தொட்டி வளர்க்கும் ஒரு பெண்மணி, முன்மாதிரி இல்லத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். காலையில் ஜீப் வாசலில் வந்து நின்றது. நான் அட்டையை மாட்டிக்கொண்டு ஏறப் போனேன். அண்ணன் ஜன்னலோரம் இடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். எண்ணெய் தீர்ந்து ஒன்பது நாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"கிளம்பிட்டியா லம்யாய்?"

"ஆமாண்ணே. ஒரு வீட்டைப் பார்த்துட்டு வரணும்."

என் கழுத்து அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அங்கேயும் எவனாவது இடுப்பு போனவன் படுத்திருப்பான்" என்றார். "அளவா சாப்பிடு."

அன்றைக்கு நான் இரண்டாவது தடவை போட்டுக்கொள்ளவில்லை. முதல் தட்டே பெரிய தட்டு.