எலுமிச்சைத் தேவதாரும் நாரத்தைத் தேவதாரும்

எங்கள் கிராஸ் நகரத்தின் நகராட்சிக் கட்டடத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டது. வாயிற்காவலனான நான் அதற்கு நேர் மேலே உள்ள அறையில் மனைவியோடு குடியிருக்கிறேன். ஒரு பிளம்பரை அனுப்பச் சொல்லி, துணை மேயர் மதாம் ரொக்மோரிடம் போய் நின்றேன். உலகத்துக்கே வாசனை விற்கிற ஊரில் நாற்றத்துக்கு மருந்து பிளம்பர் அல்ல, அத்தர்தான் என்று அந்த அம்மாள் எனக்கு விளக்கினார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

உடனே வாசனைத் தேர்வுக் குழு அமைந்தது. கழித்துக் கழித்து இரண்டு அத்தர் மிஞ்சின. ஒன்று எலுமிச்சையும் தேவதாரும். மற்றது நாரத்தையும் தேவதாரும். வித்தியாசம் தெரியாதவர்கள்தான் அதிகம் சண்டை போட்டார்கள். இரு கட்சியாரும் ஒரே மேசையில் மது அருந்துவதை நிறுத்தினார்கள். என் மனைவி நொயெலி எலுமிச்சைக் கட்சி. நான் சாக்கடைக் கட்சி.

தீர்ப்புச் சொல்ல முசியே இஸ்னார் வந்தார். அத்தர் கலக்கும் மேதையை எங்கள் ஊரில் 'மூக்கு' என்போம். மூக்கு உள்ளே வந்ததும் எல்லாரும் எழுந்து நின்றோம். தெளிக்கப்போகிற இடத்திலேயே முகர வேண்டும் என்று அவர் நேராக என் அறைக்கு வந்தார். எலுமிச்சை தோய்த்த தாளை ஜன்னலோரம் முகர்ந்தார். நாரத்தை தோய்த்த தாளைக் கழுவுதொட்டியோரம் முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுல ஒரு ஆழம் இருக்கு மதாம். ஏதோ மிருகம் ஈரத்துல படுத்து மூச்சு விடுற மாதிரி."

"எனக்கும் அப்படித்தான் பட்டுது," என்றார் மதாம்.

"அது சாக்கடை, முசியே," என்றேன்.

"வாயிற்காவலர் பேசணும்னா வாசல்ல போய்ப் பேசட்டும்," என்றார் மதாம்.

மூக்கு மட்டும் பெருந்தன்மையாகச் சொன்னார்: "சாக்கடைன்னு சொல்லாதீங்க பெரியவரே. அடிவாசம்னு சொல்லுங்க."

நாரத்தை வென்றது. ஆனால் வேறெங்கு தெளித்தாலும் அந்த ஆழம் வரவில்லை. ஆகவே மேற்படி அடிவாசம் நகரத்தின் பொதுச்சொத்து என்றும், அதற்கு அடைப்பெடுப்பது குற்றம் என்றும் தீர்மானம் நிறைவேறியது. எலுமிச்சைக் கட்சியாரும் கை தூக்கினார்கள். வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று என் கழுவுதொட்டியைக் குனிந்து முகர்ந்தார்கள். ஒருவராவது நாறுகிறது என்று சொல்லவில்லை. கிராஸுக்கு வந்து மூக்கில்லாதவன் என்று பெயரெடுக்க யாருக்கு ஆசை?

இலையுதிர்கால மழையில் மலைவெள்ளம் இறங்கி, சாக்கடையில் இருந்த அடைப்பை அடித்துக்கொண்டு போனது. நாற்றம் நின்றது. பொதுச்சொத்தைக் காக்கத் தெரியாத காவலன் என்று ஊரே என்னை ஏசியது. ஏசட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

மீன் சூப்பில் ருசியே இல்லை.

"பூண்டு போடலையா?"

"எல்லாம் போட்டேன்," என்றாள் நொயெலி. "வீடுதான் வீடா இல்ல."

இருவரும் கொஞ்ச நேரம் கழுவுதொட்டியைப் பார்த்தோம். பிறகு நான் மீன் தலைகளை அள்ளிக்கொண்டு எழுந்தேன். அவள் சாக்கடை மூடியைத் தூக்கிப் பிடித்தாள்.

"எலுமிச்சைத் தோலும் கொஞ்சம் போடுங்க."

"நாரத்தைதானே ஜெயிச்சது?" என்றேன்.