துணிக்காவலுக்கு ஒரு குறுக்குவழி

இந்த சீசன்ல ஒருத்தர் துணியையும் நான் காவல் காக்க மாட்டேன். இது சத்தியம்!

இப்படி நான் சபதம் எடுத்தது 1989-ம் வருஷம், சித்திரை கடைசியில, காசி விஸ்வநாதர் சந்நிதியில. சத்தமா எடுக்கல. பக்கத்துல என் வீட்டுக்காரி குழல்வாய்மொழி நின்னுக்கிட்டிருந்தா.

விஷயம் இதுதான். தென்காசியில வீடு வச்சிருக்கவனுக்கு மத்த மாசத்துல சொந்தக்காரங்க இருக்காங்களோ இல்லையோ, ஆனி ஆடியில கண்டிப்பா உண்டு. சாரல் விழுந்ததும் பம்பாய், மெட்ராஸ், மதுரைன்னு பெட்டி படுக்கையோட வந்து இறங்கிருவாங்க. அத்தனையும் அவ வழி. எங்க வழியில குளிக்கதுக்காக யாரும் ஊர்விட்டு ஊர் வரமாட்டாங்க.

வந்தவங்களைக் குற்றாலத்துக்கு நான்தான் கூட்டிட்டுப் போகணும். ஆபீஸ்ல எனக்குள்ள லீவு பூரா அதுக்கே சரியாப் போகும். அங்கன போனா அவங்க எல்லாம் அருவியில, நான் கரையில. வேட்டி, சட்டை, வாட்ச், மூக்குக்கண்ணாடி, என் சகலை நாறும்பூநாதனோட பல்செட்டு, எல்லாம் என் மடியில. குரங்கு வந்தா விரட்டக் கையில ஒரு கம்பு. "நீங்க கடைசியில குளிங்க"ம்பாங்க. கடைசி ஆள் தலையைத் துவட்டிக்கிட்டு வரும்போது எல்லாருக்கும் பசி வந்திரும். அருவிப் பசின்னா லேசுப்பட்டதா? பிள்ளைங்க அழும், சகலை தள்ளாடுவாரு. "நாளைக்குக் குளிச்சுக்கிடலாம், வாங்க போவோம்"னு என்னை இழுத்துட்டு ஓட்டலுக்குப் போயிருவாங்க.

கல்யாணம் ஆகி பதினோரு சீசன். குற்றாலத்து அருவி வெளியில இருந்து பார்க்க எப்படி இருக்கும்னு என்னைய மாதிரி யாரும் சொல்ல முடியாது. உள்ள எப்படி இருக்கும்னு கேட்டா முழிப்பேன்.

எனக்குப் பெரிய ஆசை ஒண்ணும் இல்லை. உடம்பு பூரா நல்லெண்ணெய். ஒரு ஆள் முதுகுல தொம்தொம்னு தட்டணும். அப்புறம் நேரா அருவிக்குள்ள போயி, யார் வேட்டியைப் பத்தியும் நினைக்காம ஒரு மணி நேரம் நிக்கணும். அம்புட்டுதான். இதைக்கூட அனுபவிக்காம செத்தா என் கட்டை வேகுமா?

சாமி கண்ணைத் திறந்தாரு. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்துச்சு.

நான் வக்கீல் விஸ்வேஸ்வரன் சார்கிட்ட டைப்பிஸ்ட். காலையில பத்து மணிக்கு உக்காந்தா சாயங்காலம் ஏழு வரைக்கும் தட்டணும். சாரோட மருமகன் பெங்களூர்ல இருந்து அந்தக் கம்ப்யூட்டரை அனுப்பி வச்சிருந்தாரு. சார் அதுக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கி, வாசல்ல செருப்பைக் கழத்திட்டுத்தான் உள்ள வருவாரு. காப்பியும் கையுமா பக்கத்துல நின்னு பார்ப்பாரு. தொடமாட்டாரு.

முதல் வாரம் நான் பட்ட பாடு! டைப்ரைட்டர்ல வரி முடிஞ்சா இடது கை தானா மேல போயி லிவரைத் தள்ளும். இருபது வருஷப் பழக்கம் லேசுல விடுமா? கம்ப்யூட்டர்லயும் வரி முடிஞ்சதும் கை போகும். அங்கன லிவரு இல்லை. சாரோட காப்பி டம்ளர்தான் இருக்கும். மூணு நாளைக்கு மூணு டம்ளர் காப்பி கேஸ் கட்டு மேல போச்சு. நாலாம் நாள்ல இருந்து சார் காப்பியை வாசல்ல நின்னே குடிக்க ஆரம்பிச்சாரு.

அப்புறம்தான் பெங்களூர் மருமகன் போன்ல சொன்னாரு. "இது டைப்ரைட்டர் இல்ல சார். வேர்ட்ஸ்டார்னு ஒரு புரோகிராம். கன்ட்ரோல் கீயை அமுக்கிக்கிட்டு எழுத்தை அடிச்சுப் பழகுங்க. ஒன்பது மணி நேர வேலையை மூணு மணி நேரத்துல முடிக்கலாம்."

எனக்குள்ள சுரீர்னுச்சு. ஒன்பதுல மூணு போனா ஆறு. அந்த ஆறு மணி நேரமும் அருவி!

திட்டம் அங்கேயே தயார். வீட்டுல, "கம்ப்யூட்டர் வந்திருச்சு, லீவு கிடையாது, ஏழு மணி வரைக்கும் வேலை"ம்பேன். ஆபீஸ்ல, "விருந்தாளிகளை அருவிக்குக் கூட்டிட்டுப் போகணும்"பேன். ரெண்டு பேரும் சந்திச்சுப் பேசப் போறாங்களா என்ன?

உடனே வெறியோட படிக்க ஆரம்பிச்சேன். சட்டை வந்த அட்டைப் பெட்டியைக் கிழிச்சு, அதுல கீபோர்டை அப்படியே வரைஞ்சேன். இன்னொரு அட்டையில கீ எல்லாம் வரிசையா எழுதினேன். சாயங்காலம் காப்பி குடிச்சதும் வரைஞ்ச அட்டையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருவேன். எழுதின அட்டையைக் கையில வச்சுக்கிட்டுக் கேள்வி கேக்கது குழல்வாய்மொழி.

ஒரு விஷயம் சொல்லணும். அவ கல்யாணத்துக்கு முந்தியே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். நான் லோயர். அதுவும் ரெண்டாவது தடவை. இதை வீட்டுல யாரும் பேசக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம்.

"பத்தி எங்க ஆரம்பிக்குன்னு குறிக்கணும். என்ன கீ?"

"கன்ட்ரோல் கே பி."

"முடியுத இடத்தைக் குறிக்க?"

"கன்ட்ரோல் கே கே."

"அதைத் தூக்கி வேற இடத்துல வைக்க?"

"கன்ட்ரோல்... கே... இரு, சொல்லாத..."

"வி."

"சொல்லாதன்னேம்லா!"

"நீங்க சொல்லுததுக்குள்ள சோறு குழைஞ்சிரும். ஒரு வரியை அழிக்க?"

"கன்ட்ரோல் ஒய். ஒரே தட்டு. வரியே காலி."

"திரும்ப வராதா?"

"போனா போனதுதான்."

"இது நல்லாருக்கே. போன சீசன்ல எங்க மங்களேஸ்வரி அக்காவைப் பத்தி நீங்க பேசினதுக்கும் இப்படி ஒரு கீ இருந்தா நல்லாருக்கும். சரி, ஒரு வார்த்தை பத்து இடத்துல தப்பா இருக்கு. பத்தையும் ஒரே நேரத்துல மாத்தணும்?"

"கன்ட்ரோல் கியூ ஏ. முதல்ல பழசைக் கேக்கும். அப்புறம் புதுசைக் கேக்கும். சொன்னா போதும், கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள எல்லாத்தையும் மாத்திரும்."

"கீயை எவ்வளவு நேரம் அமுக்கிப் பிடிக்கணும்?"

"அமுக்கிப் பிடிக்கதைப் பத்தி நீ எங்கிட்டயா கேக்க?"

அவ சிரிச்சா. நானும் சிரிச்சேன். இருபது நாள் இப்படியே போச்சு. கடைசியில அவ அட்டையைப் பார்க்காமலேயே கேள்வி கேக்க ஆரம்பிச்சிட்டா. பாவம், எனக்காக எம்புட்டு கஷ்டப்படுதான்னு மனசு இளகிப் போச்சு. அட முட்டாப்பயலேன்னு எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆனி பொறந்துச்சு. சாரல் விழுந்துச்சு. மங்களேஸ்வரி மதினி பம்பாயில இருந்து சகலையோடவும் இன்னும் ஒன்பது பேரோடவும் வந்து இறங்கினாங்க.

"குழலு, எனக்கு லீவு கிடையாதுட்டி. ஏழு மணி வரைக்கும் வேலை. நீயே கூட்டிட்டுப் போயிரு."

"அதுக்கென்ன? உங்களுக்கு வேலைதானே முக்கியம்"னா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

முதல் நாள் கே பி, கே கே, கே வின்னு விரல் பறந்துச்சு. பழைய மனுவுல இருந்து பத்தியைத் தூக்கிப் புது மனுவுல வச்சேன். ஒரு மணிக்கு எல்லாம் முடிஞ்சுது. சார் வாயைப் பொளந்து நின்னாரு. "அருவிக்குத்தானே? போயிட்டு வாரும்வே"ன்னாரு. ஒன்றரை மணிக்குக் குற்றாலம். அவங்க ஒரு அருவியில இருந்தா நான் அடுத்த அருவியில. எண்ணெய் தேய்க்கிற சுடலைமாடன் முன்னால நான் போயி மல்லாந்தேன்.

"அண்ணாச்சி, உடம்பு கட்டையால்லா இருக்கு!"

"பதினோரு வருஷக் கட்டை, அண்ணாச்சி. நல்லா அடிங்க."

அடிச்சாரு. அப்புறம் அருவிக்குள்ள போனேன். தலையில விழுந்த தண்ணியில என் பேரு, ஊரு, சகலை எல்லாம் மறந்து போச்சு. நிஜமா சொல்லுதேன், அழுதிட்டேன். அருவிக்குள்ள அழுதா யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் அவங்க எல்லாரும் வீட்டுக்குப் போற நேரத்தைக் கணக்குப் பண்ணி ஒளிஞ்சு நின்னு, தலையைக் காய வச்சு, சீயக்காய் போட்ட வாடைகூட இல்லாம ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ஒரு தடயம் கிடையாது. தோசைக்கு உக்காந்தேன். மூணு நாள் இப்படி ராஜா மாதிரி இருந்தேன்.

நாலாம் நாள் கூட்டம். சுடலைமாடன்கிட்ட என் முறை வர ரெண்டு மணி நேரம் ஆச்சு. குப்புறப் படுத்து, கண்ணை மூடி, எண்ணெயில ஊறிக்கிட்டிருந்தேன். தலைமாட்டுல பொத்துன்னு ஏதோ விழுந்துச்சு. அடுத்து இன்னொண்ணு. அப்புறம் மூக்குக்குப் பக்கத்துல ஒரு வாட்ச்.

"இதையும் கொஞ்சம் பாத்துக்கிடுங்க சகலை"ன்னு பல் இல்லாத குரல் கேட்டுச்சு.

தலையைத் தூக்கினேன். மதினி, சகலை, ஒன்பது பேரு. கடைசியில இடுப்புல கையை வச்சுக்கிட்டுக் குழல்வாய்மொழி.

"நீ எப்படி இங்கன?"

"நீங்க எப்படி இங்கன?"

"நான்... ஆபீஸ் வேலை..."

"தெரியுது. முதுகுல நடந்துக்கிட்டிருக்கு."

சுடலைமாடன் கையை எடுத்தாரு. "நீங்க தேய்ங்க அண்ணாச்சி, எனக்குப் பேச்சு மட்டும்தான்"னா அவ. அவரு திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சாரு.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"முதல் நாள் பதினோரு தோசை. மறுநாள் பதிமூணு. நேத்து பதினாலு. உக்காந்து டைப் அடிச்ச ஆளுக்கு இந்தப் பசி பசிக்குமா? இது அருவிப் பசி. நான் பொறந்து வளந்தது குற்றாலம் பக்கத்து மேலகரம். எங்கிட்டயா மறைக்கப் பாத்தீய?"

தலையை மறைச்சேன், துண்டை மறைச்சேன். வயித்தை மறைக்க மறந்துட்டேனே!

"சரி, நேர்ல பாப்போம்னு தூக்குச்சட்டியில சோத்தை எடுத்துக்கிட்டு ஆபீசுக்குப் போனேன். வக்கீல் சார் தலையில கையை வச்சு உக்காந்திருக்காவ. 'ஏம்மா, உங்க விருந்தாளிகளைக் கூட்டிக்கிட்டு அருவிக்குப் போறேன்னு அவரு போயிட்டாரே, நீ போகலியா?'ன்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல? அதுக்குள்ள சாரே சொன்னாவ. மனுவுல சர்வே நம்பர் பூரா தப்பாம். 241க்கு 214ன்னு அடிச்சிருக்கீய. இருபது பக்கத்துல முப்பத்தேழு இடம். நாலு மணிக்குள்ள கோர்ட்ல குடுக்கணும். அவங்களுக்கோ அதைத் தொடவே பயம்."

"அய்யய்யோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன? செருப்பைக் கழத்திட்டு உள்ள போனேன். கன்ட்ரோல் கியூ ஏ. பழசு 214. புதுசு 241. நீங்க சொன்னது சரிதான், கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பிரிண்டர்தான் கர்கர்னு அரை மணி நேரம் எடுத்துச்சு."

என் முதுகுல எண்ணெய் இருந்தும் சில்லுன்னுச்சு.

"சார் என்ன சொன்னாவ தெரியுமா? ஒரு மணிக்கு மேல ஆபீஸ்ல ஆள் இல்ல, நீ வந்து பாக்கியாம்மான்னாவ. வீட்டுக்காரரைக் கேக்கணும்னு சொல்லிட்டுத்தான் இவங்களோட அருவி அருவியாத் தேடி வாரேன்."

"கேக்கணும்லா?"

"இப்பக் கேக்கேன். நான் போகட்டுமா?"

நான் வாயைத் திறந்தேன். சுடலைமாடன் இடுப்புல சரியா ஒரு தட்டு தட்டினாரு. "ஆ...ஆங்!"

"ஆங்கிறாவ. எல்லாரும் கேட்டுக்கிட்டீயல்லா?"ன்னு சொந்தக்காரங்க பக்கம் திரும்பினா.

"கேட்டோம்"னாங்க பதினோரு பேரும்.

"ஏட்டி, அப்ப மத்தியானத்துல இவங்களை யாரு கூட்டிட்டு வருவா?"

"நீங்கதான். விருந்தாளிகளை அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நீங்கதானே சார்கிட்ட சொன்னீய? போயும் போயும் வக்கீல்கிட்டயா பொய் சொல்லுவாவ?"

அன்னைக்கு உடம்பு பூரா எண்ணெயோட, கையில கம்போட, பதினோரு பேர் துணிக்கு நடுவுல உக்காந்திருந்தேன். குரங்குகூட என் பக்கத்துல வரல. எல்லாரும் குளிச்சு முடிச்சதும் பசி வந்திருச்சு. அந்த எண்ணெயை வீட்டுக் கிணத்தடியில வெந்நீர் போட்டுத்தான் கழுவினேன்.

ஆடிக் கடைசியில ஒரு நாள் வழக்கம் போலக் கரையில இருந்தேன். வக்கீல் சாரே குளிக்க வந்தாரு. வேட்டியையும் கண்ணாடியையும் கழத்தி என் மடியில வச்சு, "பாத்துக்கிடும்வே"ன்னாரு. பின்னாலயே குழல்வாய்மொழி. வேலையைச் சீக்கிரம் முடிச்சிட்டாளாம். குறுக்குவழி அவளுக்குத் தெரியாததா?

வாட்சைக் கழத்தி என் கையில குடுத்தா. "ஒரு சீசன் பூரா கஷ்டப்பட்டுட்டீய. இன்னைக்கு நீங்க குளிச்சுத்தான் ஆகணும். நான் மட்டும் ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்து துணியைப் பாத்துக்கிடுதேன்."

என்ன இருந்தாலும் பொண்டாட்டி பொண்டாட்டிதான்! சட்டைப் பொத்தான் எல்லாத்தையும் கழத்தி, துண்டைத் தோள்ல போட்டுத் தயாரா நின்னேன்.

முக்கால் மணி நேரம் கழிச்சு தலையைத் துவட்டிக்கிட்டே வந்தா.

"பசி கண்ணை அடைக்கு. வாங்க, போவோம்."